பிடித்துவிடக் கூடாத கால்

நோய் நெஞ்சில் இருக்க, ஊசியை ஏன் வயிற்றில் போடுகிறார்கள்? ஃபெதுவாவோவை மூன்று நாளாக இந்தக் கேள்வி உறுத்தியது. அவள் கணவன் இயோசுவா கோவிட் வந்து மூச்சுத் திணறி தலைநகர் ஆப்பியாவின் மருத்துவமனையில் கிடந்தான். செவிலி மலாயேத்தி காலையும் மாலையும் அவன் தொப்பையில் ஊசி போட்டாள். போட்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது.

"உன்னை வச்சு எதையோ சோதிச்சுப் பார்க்கறாங்க," என்றாள் கணவனிடம்.

"என் தொப்பையிலயா? சேப்பங்கிழங்கைத் தவிர அதுல என்ன இருக்கு?" என்று சிரிக்கப்போய் இருமினான்.

நேற்று மாலை ஊசி வேண்டாமென்று மறித்தாள். இன்று காலையும் மறித்தாள். மதியம் அவனுடைய இடது கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. ஊசியில் இருந்த விஷம்தான் காலுக்கு இறங்கிவிட்டது என்று முடிவுகட்டினாள். சவாயீ தீவில் அவள் ஊரில் சுளுக்கோ வீக்கமோ, எல்லோரும் அவள் கைக்குத்தான் வருவார்கள். பையிலிருந்த தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள்.

"அக்கா, தேய்க்காதீங்க!" மலாயேத்தி ஓடிவந்தாள்.

"ஏன், உங்க குட்டு வெளிப்பட்டுடுமா?"

மலாயேத்தி உடனே மருத்துவரை அழைத்து வந்தாள். அவர் முதலில் இயோசுவாவின் வீங்காத வலது தொடைமேல் ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அழுத்தியதும் தட்டையாகி மறைந்தது.

"அது ரத்தக்குழாய். நல்லதுன்னா அமுங்கும்," என்றாள் மலாயேத்தி.

இடது காலில் அழுத்தினார். வட்டம் அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை அழுத்தச் சொல்லு." அப்போதும் அசையவில்லை. எதை அழுத்தினால் அமுங்கும், எது அமுங்காது என்பது ஃபெதுவாவோவின் விரல்களுக்குத் தெரியும். "உள்ளே ஏதோ இருக்கு."

"ரத்தக்கட்டி," என்றாள் மலாயேத்தி. "குழாயோட உள்பக்கம் வழவழன்னு இருக்கணும். இந்தக் கிருமி அதைப் புண்ணாக்கிடுது. காயம்னு நினைச்சு ரத்தம் அங்கேயே உறைஞ்சிடுது. அது உறையாம இருக்கத்தான் ஊசி. வயித்துக் கொழுப்புல போட்டா மெதுவா ரத்தத்துல சேரும். ரத்தம் சீக்கிரம் உறையாததாலதான் போட்ட இடம் நீலமாகுது. நீங்க தேய்ச்சா கட்டி பிய்ச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போய் மூச்சையே அடைச்சிடலாம்."

"மருந்துச் சீட்டைக் காட்டு."

காட்டினாள். ஃபெதுவாவோ மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு இயோசுவாவின் சட்டையைத் தானே தூக்கிவிட்டாள். கட்டி வந்துவிட்டதால் இம்முறை மருந்தின் அளவு அதிகம்.

ஊசி இறங்கும்போது கேட்டாள்: "நான் தடுத்தேனே ரெண்டு ஊசி... அதனாலயா?"

"இருக்கலாம், அக்கா. போட்டும் சிலருக்கு வருது. நிச்சயமாச் சொல்ல முடியாது."

இயோசுவா கண்மூடியிருந்தான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை விட்டு அவள் பார்வையை எடுக்கவில்லை.