நீர்வீழ்ச்சிக்கு மேல் மூன்று பூச்சு

கணக்கு டீச்சரின் வீட்டு வரவேற்பறையில் பதினோரு வருடமாக ஒரு நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டிருந்தது. நாலடி அகலம், மூன்றடி உயரம், எண்ணெய்ச் சாயம். மேலே பூசிய வார்னிஷில் பார்க்கிறவர் முகம் தெரியும். வரைந்தவர் டீச்சரின் நாத்தனார்.

கல்யாணம், குழந்தைப் பேறு, வீடு மாற்றம், குடல்வால் அறுவை என்று உறவில் எது நடந்தாலும் நாத்தனார் கையில் ஒரு படத்தோடுதான் வருவார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை. வாய்த்த ஒன்றிரண்டு பேர் முன்யோசனையாக வெளிநாட்டில் குடியேறிவிட்டார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று டீச்சருக்குக் கிடைத்தது நீர்வீழ்ச்சி. சோபாவுக்கு நேர் மேலே, வேறு எதற்கும் இடம் வைக்காமல் நாத்தனாரே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்.

மரங்கள் இருந்தன, பாறை இருந்தது, நடுவில் தண்ணீர். பற்பசைக் குழாயை ஏறி மிதித்தால் எப்படிப் பிதுங்குமோ அப்படி ஒரு தண்ணீர். முதல்முறை வருகிறவர்கள், "மரத்துல என்ன, போர்வை காயுதா?" என்று கேட்டார்கள். இரண்டாம் முறை வந்தவர்கள் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

முட்டிவலி வந்த பிறகு நாத்தனார் ரயில் ஏறுவதைக் குறைத்துக்கொண்டார். அதனால் மேற்பார்வை தொலைபேசிக்கு மாறியது. ஞாயிறுதோறும் அழைப்பார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்கு முன், "நீர்வீழ்ச்சி எப்படி இருக்கு?" என்பார்.

"நல்லா விழுது அண்ணி" என்பாள் டீச்சர்.

இப்படியே ஆயுள் முழுக்க விழுந்திருக்கும். ஆனால் நாற்பத்தாறாவது வயதில் டீச்சருக்கு ஓவியம் கற்றுக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. எழுதுபொருள் கடைக்கு மாடியில் சனிக்கிழமை வகுப்பு. ஆறு மாதம் ஆப்பிளும் ஜாடியும் வரைந்து கை தேறிய பின், ஓவிய மாஸ்டர் ஒருநாள், "அடுத்து பெரிய கான்வாஸ். உங்க இஷ்டத்துக்கு ஏதாவது போடுங்க" என்றார். கடையில் அந்த அளவு இல்லை, வர மூன்று வாரமாகும்.

"வீட்டுல பழைய படம் ஏதாவது சும்மா தொங்குதா? ஜெஸ்ஸோ அடிச்சிடுங்க, புதுசாயிடும்" என்றார் மாஸ்டர்.

ஜெஸ்ஸோ என்பது ஒன்றுமில்லை. சாயம் துணியில் ஊறிவிடாமல் பிடித்து நிற்பதற்காக முதலில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு. பழையதன்மேல் பூசினால் பழையது மறையும் என்றார் மாஸ்டர். அந்தக் கடைசி வாக்கியத்தை டீச்சர் ஒரு முறைதான் கேட்டாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை அது அவள் காதில் தேனாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிறவன், அக்கா விஷயத்தில் மட்டும் தரைத்தளத்தை விட்டு ஏறியதில்லை.

"அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"நல்லா விழுதுன்னு சொல்றது. பதினோரு வருஷமா அதைத்தானே சொல்றோம்?"

படத்தைச் சமையலறை மேசையில் கிடத்தினார்கள். வார்னிஷ் பளபளப்பு போகுமட்டும் மணல்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையை அவனிடம் கொடுத்தாள். அவன் அக்காவின் கன்னத்தைத் தொடுவதுபோல் பயபக்தியோடு தடவினானே ஒழியத் தேய்க்கவில்லை. அவசரத்தில் டீச்சர் அதைக் கவனிக்கவில்லை.

முதல் பூச்சுக்கு ஜெஸ்ஸோவில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, அகலத் தூரிகையால் இடமிருந்து வலமாக இழுத்தாள். மரங்கள் போயின. ஒரு மணி நேரம் காயவிட்டு, இரண்டாவது பூச்சை மேலிருந்து கீழாக. பாறை போனது. தண்ணீர்தான் குழப்பியது. வெள்ளைமேல் வெள்ளை, எது போயிற்று, எது இருக்கிறது என்றே தெரியவில்லை. சந்தேகத்துக்கு மூன்றாவது பூச்சும் போட்டாள். வெயில் சாய்வதற்குள் மேசைமேல் ஒரு சுத்தமான வெள்ளைச் செவ்வகம் கிடந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக ஒரு சனிக்கிழமை கழிந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அந்த நிம்மதிக்கு ஆயுள் மூன்று நாள். செவ்வாய்க்கிழமை நாத்தனார் அழைத்தார். ஞாயிறு அல்லாத நாளில் அவர் அழைத்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். டீச்சர் கவலையோடு எடுத்தாள்.

"நூலகத்து ஹால் கிடைச்சிருக்கும்மா! என்னோட நாப்பது வருஷ வேலையைக் கண்காட்சியா வைக்கிறாங்க. எல்லாருக்கும் குடுத்ததைத் திருப்பி வாங்கித் திரட்டுறேன். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வண்டி வரும். நீர்வீழ்ச்சிதான் நடுச்சுவர்ல."

"நடுச்சுவர்லயா அண்ணி?"

"பின்னே? அதை நீ எப்படிப் பாத்துக்கிறேன்னு எனக்குத் தெரியாதா?"

டீச்சர் மேசையைப் பார்த்தாள். வெள்ளைச் செவ்வகம் பச்சைக் குழந்தைபோல் ஒன்றும் அறியாமல் கிடந்தது. விஷயத்தைக் கேட்ட கணவன் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தான். இல்லை.

மாஸ்டருக்குப் போன் போட்டாள்.

"எண்ணெய்ச் சாயமா? மேல வார்னிஷ் வேறயா? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்? அதுமேல இந்த ஜெஸ்ஸோ நிக்காதே! ரெண்டு மாசத்துல தானா உரிஞ்சிடும்."

செய்த வேலை நிலைக்காது என்று கேட்டு ஒரு மாணவி ஆனந்தத்தில் விம்மியதை மாஸ்டர் அன்றுதான் கேட்டிருப்பார்.

"எங்களுக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள உரியணும் சார்."

பள்ளிக்கு விடுமுறைக் காலம். கணவன் வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்தான். அது பொய்யும் அல்ல. வெந்நீரில் நனைத்த துணியைப் படத்தின்மேல் பத்து நிமிடம் போர்த்தி, பிளாஸ்டிக் அடிக்கோலின் முனையால் மெல்ல நெம்பினாள். பாலாடைபோல் சுருண்டு வந்தது ஜெஸ்ஸோ. அவன் தேய்க்காமல் தடவிய இடமெல்லாம் முழுசு முழுசாகக் கழன்றது. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அன்றைக்கு அதுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது.

மரங்கள் திரும்பின. பாறை திரும்பியது. தண்ணீர் மட்டும் வரவில்லை. நாத்தனார் அதை விரல் கனத்துக்கு அப்பியிருந்தார் அல்லவா, அது ஜெஸ்ஸோவோடு ஒட்டிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. நடுவில் மேலிருந்து கீழாக வெறும் துணி.

டீச்சர் அந்தப் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடத்தில் அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததே இல்லை. இடதுபக்கப் பாறை நன்றாக இருந்தது. ஈரம் எங்கே முடிகிறது, வெயில் எங்கே தொடங்குகிறது என்று தொட்டுச் சொல்லலாம்போல் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. முழுக்க மோசமாக இருந்தால் மனிதர்கள் நிம்மதியாகத் திட்டலாம். ஒரு கையகலம் நன்றாக வரைந்துவைத்தால் என்ன செய்வது?

வேறு வழியில்லை, சீக்கிரம் காயும் சாயமாக எடுத்துத் தண்ணீரை அவளே போட்டாள். கணவன் மொட்டை மாடியில் நின்று வாளி வாளியாகக் கொல்லைப்புறத்தில் ஊற்றினான். அவள் கீழே குடை பிடித்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்து வீட்டம்மா சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் சாத்திக்கொண்டார். விழுகிற தண்ணீருக்கு நிறமே இல்லை, பின்னால் இருக்கிற சுவரின் நிறம்தான் அதற்கு என்று நாலாவது வாளியில் டீச்சருக்குப் பிடிபட்டது. பாறையின் பழுப்பையும் மரத்தின் பச்சையையும் மெலிதாக இழுத்து, வெள்ளையை நுரையில் மட்டும் வைத்தாள். சனிக்கிழமை முடிந்தது. ஞாயிறு காலை வண்டி வந்தது.

அடுத்த வாரம் கண்காட்சிக்குப் போனார்கள். இருபத்துமூன்று படம் எதிர்பார்த்த இடத்தில் ஏழுதான் தொங்கின. மற்றவை எல்லாம் ஏதோ ஒரு இயற்கைச் சீற்றத்துக்கு ஆளாகியிருந்தன. சித்தப்பா வீட்டில் கரையான். பெரியப்பா மகன் வீட்டில் குழாய் உடைப்பு. ஒன்றுவிட்ட தங்கை வீடு மாற்றும்போது, மற்ற சாமான் எல்லாம் பத்திரமாக வந்து சேர, படம் மட்டும் வழியில் காணாமல் போயிற்று. ஏழில் மூன்றைத் தந்தவர்கள், அவசரமில்லை, மெதுவாகத் திருப்பித் தந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆனால் நடுச்சுவருக்கு முன்னால் கூட்டம் நின்றது. "தண்ணி தெறிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் நூலகர். "எல்லாம் ஒரு பயிற்சிதான்" என்றார் நாத்தனார், தலையைச் சற்றே சாய்த்து. கணவன் பீதியில் நூலகத்தின் லிஃப்ட்டைப் பரிசோதிக்கப் போய்விட்டான்.

கூட்டம் தேநீருக்கு நகர்ந்ததும் நாத்தனார் டீச்சரை விரல் அசைத்துக் கூப்பிட்டார். சட்டத்தின் ஓரத்தில் நகத்தால் சுரண்டி, விரல் நுனியை நீட்டினார். அதில் வெள்ளையாக ஒரு துணுக்கு.

"இது என்ன?"

பொய் சொல்ல டீச்சருக்கு நேரம் இருந்தது, தெம்பு இல்லை. "ஜெஸ்ஸோ, அண்ணி."

"அது தெரியுது. எத்தனை பூச்சு?"

"மூணு."

"மணல்தாள் போட்டது யாரு?"

"உங்க தம்பி."

"அதானே பாத்தேன். சின்ன வயசுல அவன் பல்லையே ஒழுங்காத் தேய்ச்சதில்ல."

டீச்சருக்குச் சிரிப்பதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. நாத்தனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கியது.

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேனே."

"சொல்லியிருந்தா வேற ஒண்ணு குடுத்திருப்பீங்க அண்ணி."

நாத்தனார் யோசித்தார். "ஆமா, குடுத்திருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார். "கரையானாம், குழாயாம். எனக்கென்ன கண்ணு தெரியாதா? பரண்ல போட்டிருப்பாங்க. நீ ஒருத்திதான் அழிச்சதையும் அழிச்சு, திருப்பியும் எடுத்துக் குடுத்திருக்கே." பிறகு கேட்டார்: "எல்லாமே மோசமாவா இருந்தது?"

"இல்ல. இடதுபக்கப் பாறை ரொம்ப நல்லாருக்கு. நிஜமாத்தான் சொல்றேன். நான் அதைப் பாத்துத்தான் தண்ணிக்கே நிறம் எடுத்தேன்."

"பாறை எனக்கு வரும்" என்றார் நாத்தனார், பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளைபோல. "தண்ணிதான் நாப்பது வருஷமா வரலை. எங்கடா வரலைன்னு தெரிஞ்சிடுமோன்னு அப்பி அப்பி வெச்சேன்."

அதற்குள் யாரோ அழைத்தார்கள். நாத்தனார் முகத்தைச் சரிசெய்துகொண்டு போய், நீர்வீழ்ச்சியின் நுரையைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரரிடம் கால் மணி நேரம் விளக்கினார். அந்த விளக்கத்தில் ஒரே ஒரு ஓவியரின் பெயர்தான் இடம்பெற்றது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வண்டி வந்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஆறு புதுக் கான்வாஸ், ஒரு டப்பா ஜெஸ்ஸோ, ஒரு கட்டு மணல்தாள். பின்னாலேயே தொலைபேசி.

"அடிப்பூச்சு நீ போட்டு அனுப்பு. பாறை, மரம் நான் போட்டுத் திருப்பி அனுப்புறேன். தண்ணி நீ போடு."

"கையெழுத்து யாரு அண்ணி போடுறது?"

"என்னம்மா, ஒரே குடும்பத்துக்குள்ள ரெண்டு கையெழுத்து எதுக்கு?"

முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று டீச்சருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் அவள் கை ஒரு கான்வாஸின் துணியை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல இறுக்கம்.

"ஆறுல ஒண்ணு எனக்கு" என்றாள்.

"என்ன போடப்போற?"

"இன்னும் தெரியல. ஆனா யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"யாருக்குமேவா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று நாத்தனாருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லைபோலும்.