முதலாளி உப்புப் பார்க்கிறார்

ஹஜ்ஜுக்குப் போகிறோம் என்று முடிவான நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் மலாயாவில் எங்கள் ஊரான குளுவாங்கில் ரயில் ஏறி, சிங்கப்பூரில் ஜித்தா கப்பலைப் பிடிக்க வேண்டியதுதான். ஸ்டேஷனுக்கு எதிரே எங்கள் சாப்பாட்டுக் கடை. ரப்பர் விலை விழுந்து ஊரே வாடிக் கிடந்தபோதும் எங்கள் ஆட்டுக்கறிக்கு ஆள் குறையவில்லை. முதலாளிக்கு வயிறும் குறையவில்லை. முதலாளி என்றால் என் வீட்டுக்காரர் ருக்னுதீன்தான், அவர் உட்கார்ந்தால் கல்லாவே தெரியாது.

கப்பலுக்கு முன் அம்மை குத்திக்கொள்ள ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினோம். நான் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னே போனேன். திரும்பிப் பார்த்தால் மனுஷர் பாதி மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

டாக்டர் ரபேல் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இதயம் இன்னும் கெட்டுப்போகவில்லை, கெட்டுப்போகிற வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்றார். மருந்தைவிடப் பழக்கத்தை மாற்றுவதுதான் முக்கியமாம். சுருட்டை விட வேண்டும், நெய்யையும் கொழுப்பையும் குறைக்க வேண்டும், நாற்காலியை விட்டு எழுந்து தினமும் நிதானமாக நடக்க வேண்டும்.

"நோன்புக்கு முன்னாடி திரும்ப வாங்க. இந்த மேட்டை நிக்காம ஏறுனா ஹஜ்ஜுக்குப் போலாம். இல்லன்னா நான் போகச் சொல்ல மாட்டேன் லா" என்று முடித்துவிட்டார்.

மக்காவில் கஃபாவைச் சுற்ற வேண்டும், ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடக்க வேண்டும். அவர் போகாவிட்டால் நானும் இல்லை. அன்றைக்கே சுருட்டுப் பெட்டி அடுப்புக்குள் போனது. விடியற்காலையில் சுபுஹு தொழுததும் ரப்பர் தோட்டத்துச் சாலையில் அவரோடு நானும் நடந்தேன். வீட்டில் நெய்ச்சோறு ஒழிந்தது. கீரையும் மீன் ஆணமும்தான். மனுஷர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அதுதான் என்னை உறுத்தியது. ஒரு மாதமாகியும் அவருடைய பச்சை இடுப்பு வார் பழைய துளையை விட்டு நகரவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் கடைப்பக்கம் போவதில்லை. அன்று காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். முதலாளி உப்புப் பார்க்காமல் எங்கள் கடையில் சட்டி இறங்காது. அவர் வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சமையல்கார உதுமான் காக்கா மூடியைத் திறக்கத் திறக்க, என் வீட்டுக்காரர் மேலே மிதக்கிற சிவப்பு நெய்யாகப் பார்த்து அகப்பையில் அள்ளி, கூடவே ஒரு துண்டுக் கறியையும் சேர்த்து, ஊதி ஊதி விழுங்கினார். குருமா, தால்சா, ஈரல் என்று ஒரு சட்டியையும் விடவில்லை. வீட்டில் கீரை தின்ற சாதுவா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னைக் கண்டதும் அகப்பை சட்டிக்குள் விழுந்தது. ஆனாலும் மனுஷர் அசரவில்லை.

"மஜீதா, நான் எங்க சாப்பிட்டேன்? உப்புத்தானே பாத்தேன். நோன்பு வச்சுக்கிட்டுக்கூட சமைக்கிறவங்க நாக்கு நுனியில உப்புப் பாக்குறதில்லையா?"

"பாத்துட்டுத் துப்பிருவாங்க. நீங்க எங்க துப்புனீங்க?"

உதுமான் காக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

மறுநாளிலிருந்து உப்புப் பார்க்கிற வேலை எனக்கு. அவர் குதித்தார், கடையின் கைராசி போய்விடும் என்றார். ஒன்றும் போகவில்லை. ருசி மாறிவிட்டதா என்று ஒரு வாடிக்கையாளரும் கேட்கவில்லை. காலையில் எனக்குச் சட்டிகளோடு சரியாகிவிட்டதால், நடக்கிறதுக்குப் பக்கத்துக் கடை சுப்ஹான் அவருக்குத் துணையானார். சந்தைவரை போனவர்கள் போகப்போக அடுத்த தோட்டம்வரை போனார்கள். வார் ஒரு துளை இறங்கியது, பிறகு இன்னொன்று. துள்ளாத குறைதான் எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் என் ரவிக்கை இறுக ஆரம்பித்ததைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளுக்கிறவன் சுருக்கிவிட்டான் என்று அவனைத் திட்டித் தீர்த்தேன்.

நோன்பு நெருங்கியது. மறுபடியும் ஆஸ்பத்திரி மேட்டடியில் நின்றோம். யா அல்லாஹ் என்று அவர் முதல் அடி வைத்தார், நான் பின்னாலேயே போனேன். சென்ற முறை நின்ற இடம் வந்தது. கடந்தார். வளைவு வந்தது. அதையும் கடந்தார். மேலே வாசலில் டாக்டர் ரபேல் வந்து நின்று பார்க்கிறார். என் வீட்டுக்காரர் அவர் முன்னால் போய் நின்று, மூச்சு இரைக்காமல் ஸலாம் சொன்னது என் காதில் விழுந்தது. கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. பாதி மேட்டில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

டாக்டர் இறங்கி வந்து என் நாடியைப் பிடித்தார். பயப்பட ஒன்றுமில்லை, உடம்புதான் போட்டிருக்கிறது, கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, நாளையிலிருந்து இவரோடு நடக்கட்டும் என்றார். ஆனால் இப்போது என்ன புதிதாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லையே என்று சத்தியமாகச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"நீ எங்க புள்ள துப்புன?"