முப்பத்தேழு சந்தேகங்கள்

லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது. பன்னிரண்டாம் மாடியில் கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்களிடம், "எங்க வீட்டுல பி.எச்.டி. நடக்குதுய்யா, சும்மா இல்ல!" என்பார். அவர்களும் பாவம், எத்தனை தடவைதான் கேட்பார்கள்? ஆனால் மனுஷன் பெருமைப்படுவதில் தப்பே இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் எட்டு மணி நேரம் டோக்கன் கொடுத்துவிட்டு வந்து, நோயாளிகள் டாக்டரைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவள் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறாள்?

அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு பலவீனம். குறிப்பு எழுதும் ஆப் எதிலும் மனசு நிற்காது. எல்லாம் மார்க்டவுன் வகைதான். வெறும் எழுத்து, தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, ஒரு குறிப்பை இன்னொன்றோடு கோக்க இரட்டைச் சதுர அடைப்பு, அவ்வளவுதான் விஷயம். முதல் ஆப் பார்க்க லட்சணம், இணையம் போனால் படுத்துவிடும். இரண்டாவதில் இணைப்புகள் அருமை, மேற்கோள் நூல்களின் பட்டியல் கேட்டால் முழிக்கும். மூன்றாவது மேற்கோளில் கெட்டிக்காரன், ஆனால் எழுதியதை எல்லாம் விழுங்கி வைத்துக்கொண்டு வெளியே விடாது. நான்காவது மேற்கோளும் போடும், குறிப்புகளை நம் கணினியிலேயே சாதாரண ஃபைல்களாகவும் வைக்கும். அட்டவணை போட்டு ஒப்பிட்டுப் பார்த்து, "இனிமே இதுதாங்க, சத்தியமா" என்றாள். இதற்கு முன் மூன்று சத்தியம் பார்த்தவர் அவர்.

ஒவ்வொரு தடவை ஆப் விட்டு ஆப் குடிமாறும்போதும் சரிபார்ப்பு இருவர் வேலை. பழைய திரையைப் பார்த்து அவர் உரக்க வாசிப்பார், அவள் புதியதில் சரி போடுவாள். ஆயிரத்து நூறு குறிப்புகள். இந்தத் தடவையும் வாசித்து முடித்து, எல்லாம் வந்துவிட்டது என்று பழைய கணக்கையும் மூடியாயிற்று. மாதத்துக்கு ஒன்றாக முப்பத்தேழு ஃபோல்டரில் கிடந்ததை ஒரே ஃபோல்டரில் போடுவதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை மாலை, அவள் வருவதற்குள் அதை முடித்து அசத்திவிடலாம் என்று அவரே உட்கார்ந்தார். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, அதன் மேல் எழுதவா என்று கணினி கேட்டது. திரும்பத் திரும்ப இதே கேள்வியா என்று எரிச்சல்பட்டு, எல்லாவற்றுக்கும் இதே பதில் என்பதை அழுத்தி, சரி என்றார். காலி ஃபோல்டர்களையும் கையோடு அழித்தார்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தன் ஆராய்ச்சியைத் தானே குடைந்து ஒரு பக்கம் எழுதுவது அவள் வழக்கம். தலைப்பு எப்போதும் 'சந்தேகம்', ஃபைலின் பெயரும் அதுவே. அந்த முப்பத்தேழில் இப்போது ஒன்றுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து, எந்தக் குறிப்பு எதோடு கோத்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் இணைப்புப் படத்தைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"மூணாவது அத்தியாயமே அந்தச் சந்தேகங்களுக்குப் பதில்தாங்க. திங்கட்கிழமை கொடுக்கலன்னா என் பதிவு ரத்து. அஞ்சு வருஷமும் கோவிந்தா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. செத்துப் போகலாம் போலிருந்தது. ஆனால் செத்தால் ஃபைல் வருமா?

"திட்டு. நல்லா திட்டிக்கோ. திட்டிட்டு டைப் பண்ண உக்காரு."

"என்னத்த டைப் பண்றது?"

"நான் சொல்றத. வாசிச்ச வாய் இது, மறக்குமா? மொத மாசம், வயசானவங்க சீக்கிரமே வந்து உக்காந்துடுறாங்க, அதனாலதான் அவங்க காத்திருப்பு அதிகமா தெரியுதோ? ரெண்டாவது மாசம்..."

அவள் வாயைப் பிளந்தபடியே தட்டத் தொடங்கினாள். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்பு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முப்பத்துமூன்று தேறியது. மிச்சம் மூன்று வருவேனா என்று அடம் பிடித்தது.

"டாக்டரைப் பாக்காமலே எழுந்து போனவங்க எங்க?" என்றார்.

பாதி தட்டியவள் நிறுத்தினாள். "இது எந்த மாசம்?"

"எந்த மாசமும் இல்ல. இது என்னோடது. ஒவ்வொரு தடவ வாசிக்கும்போதும் கேக்கணும்னு தோணும். படிச்சவகிட்ட நாம என்னத்த கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

"பரவால்ல, சொல்லுங்க."

"லிஃப்டுக்கு எவ்வளவு நேரம் நின்னீங்கன்னு கட்டடத்துக்காரங்க கேட்டு எழுதுவாங்க. உள்ள ஏறுனவங்ககிட்டதான் கேப்பாங்க. எல்லாரும் ஒரு நிமிஷம்பாங்க, பிரமாதம்னு எழுதிக்குவாங்க. பொறுக்க முடியாம படியேறிப் போனவன் அந்தக் கணக்குல வருவானா?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, டோக்கன் கொடுக்கிறவளே நான்தானே! போனவங்க டோக்கன் எல்லாம் பதிவுல இருக்கே!"

ஞாயிறு முழுக்க இருவருமாக அந்த டோக்கன்களை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். ஆறு பேரில் ஒருவர் டாக்டரைப் பார்க்காமலே போயிருந்தார். ஐந்து வருஷமாக அவள் போட்ட சராசரியே ஆட்டம் கண்டது. அத்தியாயத்தை அடியோடு திருப்பி எழுதினாள்.

திங்கட்கிழமை, வேலை உடுப்போடு, நெறியாளரின் அறைக்கு வெளியே நாற்காலி நுனியில் அவர் உட்கார்ந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இந்த அத்தியாயமே இவர் கேட்ட கேள்வியிலதான்மா நிக்குது," என்றது நெறியாளரின் குரல். "மேற்கோள் பட்டியல்ல போட்டிருக்கியே, நேர்ப்பேச்சு, சனிக்கிழமைன்னு. யார் இவரு? எந்தப் பல்கலைக்கழகம்?"

"லிஃப்ட் மெக்கானிக் மேடம்," என்றாள் அவள், கணீரென்று. "என் வீட்டுக்காரர். வெளியதான் உக்காந்திருக்காரு."

பேனா காகிதத்தில் ஓடியது. பதிவு ஒரு வருஷம் நீண்டது. அவள் வெளியே வந்து கடைசிப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தாள். ஆப் அகரவரிசையில் அடுக்கிய பட்டியல். மேலே ஒரு பேராசிரியர், கீழே ஒரு பேராசிரியர், நடுவில் அவர் பெயர்.

"என்னங்க, அழுறீங்களா?"

"பின்ன?" என்றார்.