இரண்டு மடி, இருபது பல்

“நீங்க தேய்ச்சு விடுறீங்கன்னுல்ல நான் நெனச்சுட்டு இருந்தேன்?”

“நீ தேய்ச்சு விடுறேன்னு நான் நெனச்சேன்.”

“தூங்கிப்போன பிள்ளையைத் தோள்ல போட்டுக் கொண்டாந்து குடுக்குறீங்க. எழுப்பி உக்கார வச்சா தேய்க்க முடியும்?”

“சாப்பிட்டதும் தேய்ச்சாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“இன்னும் தேய்க்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“அப்ப ராத்திரியில யாருமே தேய்க்கல.”

“யாருமே தேய்க்கல.”

பிரிந்து வாழ்ந்த பதினோரு மாதத்தில் கணவனும் மனைவியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பல் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றரை வயது மகளை நடுவில் நிறுத்திக்கொண்டு அவர்கள் அப்படிப் பேசிக்கொண்டது நான்கு வாரத்துக்கு முன்பு. இன்று மறு பரிசோதனை. தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு நின்றபோது, அந்தப் பேச்சுதான் மனைவியின் காதில் வரி பிசகாமல் ஓடியது. அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்த எரிச்சல் மட்டும் எங்கேயோ போயிருந்தது.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர். நாள் முழுக்க அரை மில்லிமீட்டர் பிசகாமல் பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அவளுக்கோ பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். போன வருஷம் ஒரு நாள், கேட்ட கேள்விக்கு மூன்றாவது தடவையும் பதில் வராமல் போகவே, “பேசறதுக்கு ஆள் இல்லாத வீட்டுல நீங்க எதுக்கு? உங்க கடை மாடியிலயே போய் இருங்க, எனக்காவது நிம்மதியா இருக்கும்” என்று கத்திவிட்டாள். வெறும் கத்தலோடு முடிந்திருக்க வேண்டியது. அந்த மனுஷன் சொன்னதைச் செய்கிறவர். மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டார்.

போகச் சொன்னவள் அவள். அதனால் வரச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். சொல்லாமல் வர மாட்டார். இது அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? அந்தச் சொல் தொண்டை வரை வரும்; வந்து, மாத்திரை மாதிரி குறுக்கே நின்றுகொள்ளும்.

குழந்தைக்கு வீட்டில் பெயர் சுண்டெலி. கையில் கிடைத்ததையெல்லாம் கொறிப்பாள். மாலையில் அவர் அவளைக் காப்பகத்திலிருந்து கூட்டிப் போய், சாப்பிட வைத்து, பால் குடிக்க வைத்து, எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தையாகக் கொண்டுவந்து விடுவார். கதவு திறக்கும், தோள் மாறும், “வரேன்”, “ம்.” அவ்வளவுதான் குடும்பம். அந்தத் தோள் மாறுகிற இடத்தில்தான் பல் தேய்ப்பது தவறி விழுந்தது.

முதல் நாள் பல் டாக்டர் சுண்டெலியின் மேல் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டினார். முன்பற்களில், ஈறை ஒட்டி, சாக்பீஸால் இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு. ஈறு சிவந்து உப்பியிருந்தது. பஞ்சு பட்டதும் ரத்தம் கசிந்தது.

“காலையில?”

“காலையில அவளே தேய்ச்சுக்குவா டாக்டர்.”

“அவ தேய்க்க மாட்டாம்மா, பிரஷ்ஷை மெல்லுவா. ஏழு எட்டு வயசு வரைக்கும் பெரியவங்கதான் தேய்ச்சு விடணும். இந்தக் கோடு இன்னும் ஓட்டை ஆகல. இப்பவே கவனிச்சா இதோட நின்னுடும்.” பல்லுக்கு மருந்து பூசிவிட்டு, “ரத்தம் வருதேன்னு பயந்து விட்றாதீங்க. அழுக்கு சேர்ந்ததாலதான் ஈறு அழுவுது. பட்டாணி அளவு பேஸ்ட், ஈறும் பல்லும் சேர்ற இடத்துல மெதுவா தேய்ங்க. அதுக்கப்புறம் தண்ணியத் தவிர எதுவும் கூடாது” என்றார்.

ஆனால் சுண்டெலியா வாயைத் திறப்பாள்? டாக்டரின் முகக் கவசத்தையே உதைத்துக் கழற்றியவள். அப்போதுதான் நர்ஸம்மா இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காருங்க. முட்டியோட முட்டி ஒட்டணும். இன்னும் கிட்ட வாங்க சார், அவங்க உங்க சம்சாரம்தானே? அம்மா மடியில தலை, அப்பா மடியில கால். ஒருத்தர் கையைப் பிடிக்கணும், ஒருத்தர் தேய்க்கணும்.”

“நாங்க... வேற வேற வீட்டுல இருக்கோம்” என்றாள் அவள், தரையைப் பார்த்து.

“நீங்க எத்தனை வீட்டுல வேணா இருந்துக்கங்க. பிள்ளைக்கு வாய் ஒண்ணுதானே?” என்றார் நர்ஸம்மா. “அவ முரண்டு பிடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் வேணும்.”

பதினோரு மாதம் கழித்து அவருடைய முழங்கால் அவள் முழங்காலில் பட்டது. சுண்டெலி ஊரையே கூட்டினாள். அம்மாவின் காதில் எதுவும் விழவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஏழரைக்கு அவர் வாசலோடு நிற்காமல் உள்ளே வந்தார். வருகிற வழியெல்லாம் மகள் தூங்கிவிடாமல் இருக்கப் பாடிக்கொண்டே வருவார். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தெருமுனையில் அந்தக் கரகரப்பு கேட்டதுமே அவள் ஸ்டூல்களைப் போட்டுவிடுவாள். கடையில் வைத்திருக்கும் சின்ன டார்ச்சை அவர் பல்லில் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மகளின் கைகளைப் பிடிப்பார். அவள் தேய்ப்பாள். கீழே பத்து, மேலே பத்து. நுரை அவருடைய கண்ணாடியில் தெறிக்கும். துடைக்கக் கை இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் புடவைத் தலைப்பால் துடைத்துவிடக் கையைத் தூக்கினாள். பாதியில் இறக்கிக்கொண்டாள்.

பேச்செல்லாம் பல்லைப் பற்றித்தான்.

“இன்னிக்கு ரத்தம் கம்மி.”

“கம்மிதான். இடது பக்கம் கடைசிப் பல்லை விட்டுட்டே.”

“விடல. உங்க டார்ச் அங்க வரல.”

“டார்ச் வந்துச்சு. நீதான் அவசரப்பட்டே.”

இரண்டு நிமிஷ வேலை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவர் இருந்தார். பெரிய டம்ளராகப் பார்த்து அவள் மாற்றியதை அவர் கவனித்தாரோ இல்லையோ, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர் போன பிறகு அந்த ஸ்டூலை உடனே எடுத்து வைக்க அவளுக்கு மனசு வராது. இரவு சாப்பாட்டை அதற்கு எதிரில் உட்கார்ந்தே சாப்பிடுவாள்.

இரண்டாவது வாரம் ரத்தம் நின்றது. மூன்றாவது வாரம் சுண்டெலி உதைப்பதை நிறுத்தினாள். ஈறு வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும், இவ்வளவு சீக்கிரமா என்றும் இருந்தது.

இன்று மதியம் டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கோடு அப்படியே நின்னிருக்கு. ஈறு பிரமாதம். இனிமே ஒருத்தர் போதும், அவளே சமர்த்தா படுத்துக்கறா. ஆறு மாசம் கழிச்சு வாங்க.”

ஆறு மாசம். அவள் அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார். மாலை ஏழரைக்கு, கரகரப்புப் பாட்டு தெருமுனையில் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் மகளைச் சமையலறைக்குள் தூக்கிப் போய்க் காதோடு சொன்னாள்: “கண்ணு, இன்னிக்குக் கொஞ்சம் உதைடி.”

“மாட்டேன்.”

“கொஞ்சூண்டு. ரெண்டே ரெண்டு உதை.”

“உதைக்க மாட்டேன். டாக்டர் ஆன்ட்டி என்னை குட் கேர்ள்னு சொன்னாங்க” என்றாள் சுண்டெலி, கூடம் வரை கேட்கும்படி. “நீதான் பேட் கேர்ள்.”

நல்ல பிள்ளை தானாகவே வந்து அம்மா மடியில் தலை வைத்து, குகை மாதிரி வாயைத் திறந்தது. அவர் எதிரில் உட்கார்ந்தார். பிடித்துவைக்க வேண்டிய கை எதுவும் இல்லை. டார்ச்சை மட்டும் காட்டினார். அவள் ஒவ்வொரு பல்லாக, இருபதையும், ஏதோ எண்ணி ஒப்படைக்கிறவள் போலத் தேய்த்தாள். இரண்டு நிமிஷம் நான்கு நிமிஷம் ஆயிற்று. சுண்டெலி நுரையைத் துப்பிவிட்டுப் படுக்கைக்கு ஓடினாள்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். டார்ச்சை மேஜைமேல் வைத்தார்.

“இது இங்கயே இருக்கட்டும். நாளையிலிருந்து உனக்குத்தான் வேணும்.”

“உங்களுக்கு?”

“கடையில வேற இருக்கு. நான் பழையபடி வாசல்ல விட்டுட்டுப் போறேன். தூங்க விடாம கூட்டிட்டு வரேன், அவ்வளவுதான்.”

“பின்பக்கப் பல்லு எனக்குச் சரியா தெரியல.”

“இப்ப தேய்ச்சியே.”

“டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு எனக்குத் தேய்க்க வராது.”

“அந்த விளக்குக்குக் கீழ உக்காந்துக்கோ, வெளிச்சம் போதும்.” அவர் செருப்பில் ஒரு காலை நுழைத்தார்.

“அவ மறுபடி உதைப்பா.”

“நீ சொல்லிக் குடுத்தும் உதைக்கலையே.”

அவளுக்கு முகம் காதுவரை சூடேறியது. அவர் சிரிக்கவில்லை. ஒரு செருப்போடு, கதவைப் பிடித்தபடி, அரை மில்லிமீட்டரைக்கூடத் தவற விடாத அந்தக் கண்களால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சாக்குச் சொல்ல இனி எந்தப் பல்லும் மிச்சம் இல்லை. வலது பக்கமும் சரி, இடது பக்கமும் சரி, எல்லாம் ஆரோக்கியமாக இருந்தது.

“ஏங்க” என்றாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள்.

“அவளுக்காக இல்ல, எனக்காகக் கேக்கறேன். பேசாமக்கூட இருங்க, பரவாயில்ல. நம்ம வீட்டுக்குத் திரும்பி வந்துடுங்க.”