எஞ்சினியரின் மலை விடுமுறை

இளையதம்பி எஞ்சினியருக்கு அந்த வருடம் நுவரெலியாவில் பங்களா கிடைக்கவில்லை. மனிதர் சோர்ந்துவிடவில்லை, வரைபடத்தை விரித்தார். நெடுங்கேணிக்குக் கிழக்கே, அவருடைய அதிகாரத்துக்குட்பட்ட ஒரு குளத்தின் அக்கரையில், மலை என்று குறி போட்டிருந்தது. குளம் இருக்கிறது, மலை இருக்கிறது, அரசாங்க விடுதியும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? தைமாதக் கடைசியில் காரில் வந்து இறங்கினார்.

மலையின் உயரம் இருநூறு அடி. ஊரில் அதைக் கரடிப்பாறை என்பார்கள்.

அவரை வரவேற்ற, குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓவசியர் கனகலிங்கத்துக்கு வயது இருபத்தொன்பது. மனைவி கமலாசனி காய்ச்சலில் போய்ப் பதினான்கு மாதமாகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்த தாய் மகனை ஊர்ப்பக்கம் மாற்றித் தரும்படி எஞ்சினியருக்கு எழுதியிருந்தாள். அவர் தூரத்து உறவு. பெண் பார்த்தாயிற்று, சாதகமும் பொருந்திவிட்டது. இடமாற்றம்தான் மிச்சம். எஞ்சினியரும் வந்த அன்றே சொல்லிவிட்டார்: ஆளை இரண்டு நாள் பார்ப்பார், மனதுக்குப் பிடித்தால் போனதும் எழுதுவார்.

கனகலிங்கத்துக்குப் போக விருப்பமில்லை. ஊரில் அவனைக் கண்டவர்கள் ஒன்றில் அழுதார்கள், இல்லாவிட்டால் சாதகத்தை எடுத்தார்கள். இங்கே காலையில் மதகைத் திறந்தான், மாலையில் பூட்டினான். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது அவனுக்குப் போதுமாயிருந்தது. இதை எஞ்சினியரிடம் சொன்னால் அடுத்த தபாலில் தாயிடம் போய்விடும். தாய் அடுத்த பஸ்ஸில் இங்கே வந்துவிடுவாள்.

ஆனால் ஒரு வழி இருந்தது. அவர்களுடைய திணைக்களத்தில் மேலிடத்தின் கோபத்துக்கு ஆளானவர்களைத்தான் இந்த வன்னிக் காட்டுக்குத் தூக்கிப் போடுவார்கள். ஏற்கெனவே வன்னியில் கிடப்பவன்மேல் கோபம் வந்தால் என்ன செய்வது? அங்கேயே கிடக்கவிடுவார்கள்.

எஞ்சினியர் மறுநாள் தோணியில் உலாப் போகவேண்டும், மலை ஏறவேண்டும் என்றதும் கனகலிங்கம் மரியநாயகத்திடம் போனான். மரியநாயகம் முல்லைத்தீவு ஆள். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் இந்தக் குளத்துக்கு மீன் பிடிக்க வருவார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப பெரியவரின்ரை நாளைக் கெடுக்கவேணும்."

"ஓம் அண்ணை. ஆனால் ஆளுக்கு ஒண்டும் ஆகக்கூடாது."

"பாவந்தான். சனிக்கிழமை மாதா கோயில் சுவாமியிட்டைச் சொல்லி மன்னிப்புக் கேப்பம். உமக்கும் சேர்த்துக் கேக்கிறன்."

காலையில் இரண்டு தோணிகள் நின்றன. ஒன்றில் மூன்று பேர் வசதியாக இருக்கலாம். மற்றது ஒற்றை ஆளுக்கென்று ஒற்றை மரத்தில் குடைந்தது. காலை நீட்டி இருந்தால் இடுப்பு அசையாது. எஞ்சினியரை அதில் ஏற்றிக் கையில் துடுப்பைக் கொடுத்தார்கள். பெரிய தோணி பாரம் தாங்காது என்று மரியநாயகம் முகம் மாறாமல் சொன்னார்.

எஞ்சினியர் பத்து நிமிடம் ஒரே இடத்தில் வட்டமடித்தார். கனகலிங்கம் அவருடைய வசவுக்காகக் காத்திருந்தான். அவரோ, வீட்டில் தன்னை ஒரு சுளகைக்கூடத் தொடவிடுவதில்லை என்றும், அலுவலகத்தில் குடையைக்கூடப் பியோன்தான் பிடிக்கிறான் என்றும், இந்தக் கை ஒரு வேலை செய்து இருபது வருடம் என்றும் சொல்லிச் சிரித்தார். பிறகு துடுப்பு பிடிபட்டுவிட்டது. இவர்கள்தான் அவருக்குப் பின்னால் மூச்சிரைக்கப் போகவேண்டியதாயிற்று.

நேர்வழியை விட்டுத் தாமரைக் கொடிகளுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். தோணி சிக்கியது. எஞ்சினியர் ஒவ்வொரு கொடியாக விலக்கி, ஒரு பூவைப் பறித்துக் காதில் செருகிக்கொண்டார். பட்டமரங்களுக்கிடையில் ஒரு முதலை வெயில் காய்ந்தது. மரியநாயகம் நம்பிக்கையோடு அதைச் சுட்டிக் காட்டினார். எஞ்சினியர் துடுப்பை நிறுத்தி, அதன் நீளம் ஒன்பதடியா பத்தடியா என்று கனகலிங்கத்தோடு வாதாடினார். முதலைக்குத்தான் பொறுமை போய்விட்டது. தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

"என்ன மனிசனப்பா இது" என்று மரியநாயகம் முணுமுணுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் நம்பிக்கை வைத்தார்கள். விடுதிச் சமையற்காரன் வைத்த கோழிக்கறியை வேண்டுமென்றே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, சுட்ட குளத்து மீன், கொச்சிக்காயை அள்ளிப் போட்டு இடித்த சம்பல். எஞ்சினியருக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டு, டாக்குத்தரும் மனைவியும் சேர்ந்து மூன்று வருடமாகத் தனக்குப் பாணும் பாலும்தான் தருகிறார்கள் என்றார். பிறகு கனகலிங்கத்தின் பங்கையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கரடிப்பாறைக்கு நல்ல பாதை ஒன்று இருந்தது. இவர்கள் முள்ளுப் பாதையால் ஏற்றினார்கள். சட்டை இரண்டு இடத்தில் கிழிந்தது. உச்சியில் எஞ்சினியர் இடுப்பில் கைவைத்து நின்றார். கீழே குளம், அதைச் சுற்றி முடிவில்லாத காடு, கிழக்கே தூரத்தில் முல்லைத்தீவுக் கடல் ஒரு கோடாய்க் கிடந்தது.

"நுவரெலியாவிலை பனியைத் தவிர ஒண்டும் தெரியாது" என்றார். பிறகு கனகலிங்கத்தின் தோளில் தட்டினார். "தம்பி, இப்படி ஒரு நாள் எனக்கு வாய்ச்சதில்லை. போன உடனை உம்மடை மாற்றத்தை எழுதுறன். இது என்ரை வாக்கு."

கனகலிங்கம் நன்றி சொன்னான். காலுக்குக் கீழே பாறை சுட்டது.

திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. இரண்டு தோணியும் பக்கத்தில் பக்கத்தில் போயின. கனகலிங்கம் முன்னால் இருந்து வலித்தான். பின்னால் இருந்த மரியநாயகம் ஊர்க்கதை கேட்கிறவரைப் போல எஞ்சினியரிடம் தொடங்கினார். கனகலிங்கம் போனால் அவனுடைய இடத்துக்கு யார் வருவார்கள்? எஞ்சினியர் ஒரு பெயர் சொன்னார். ஏரம்பு என்று ஒருவராம். எல்லாம் சட்டப்படிதான் நடக்கவேண்டும் என்று மேலதிகாரிகளையே மாட்டிவிட்டவராம். அதனால்தான் இங்கே அனுப்புகிறார்களாம்.

மரியநாயகம் தோணியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். குளத்திலை உலாத்தலுக்குத் தோணி விடக்கூடாது எண்டு ஒரு சுற்றறிக்கை இருக்கல்லோ?"

எஞ்சினியரின் துடுப்பு தண்ணீரில் இறங்காமல் நின்றது. "அது... ஓம். இருக்கு."

"ஆர் ஐயா அதிலை கையெழுத்து வைச்சது?"

நீர்க்காகம் ஒன்று பக்கத்தில் முங்கி எழும்பியது.

"நான்தான்" என்றார் எஞ்சினியர்.

எஞ்சினியர் வலிப்பதை விட்டுவிட்டுத் தோணியை மிதக்கவிட்டார். சித்திரை லீவுக்குத் திரும்பி வருவதாகத்தான் நினைத்திருந்தேன் என்று தனக்குத்தானே சொன்னார். ஏரம்பு தன்னையே கரையில் மறித்து அனுமதிக் கடுதாசி கேட்பான் என்றும் சொன்னார். காதில் இருந்த பூவை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் செருகிக்கொண்டார்.

"தம்பி கனகலிங்கம்."

"சேர்."

"கல்யாணம் ஒண்டும் ஓடிப்போகாது. ஒரு ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இங்கை இரும். உம்மை விட்டால் இந்தக் குளத்துக்கு ஆளில்லை எண்டு அம்மாவுக்கு நான் எழுதுறன்."

ஏமாந்துபோனவன் இந்த இடத்தில் என்ன சொல்வான் என்று கனகலிங்கம் யோசித்தான். "சரி சேர்" என்ற இரண்டு சொல்லும் தொண்டையில் உடைந்துதான் வெளியே வந்தன. எஞ்சினியர் அதைக் கேட்டு உண்மையாகவே கலங்கிப்போனார். கவலைப்படவேண்டாம், சம்பள உயர்வுக்கும் சேர்த்து எழுதுகிறேன் என்றார்.

பின்னால் மரியநாயகம் இருமத் தொடங்கினார். அது இருமல் இல்லை என்று கனகலிங்கத்துக்குத் தெரியும். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தால் எல்லாம் கெட்டுவிடும். கரை வரும்வரை அவன் திரும்பவேயில்லை.