வாப்பா பேர் சொல்லாத பெட்டி

சிதம்பரத்தில் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியை, திருப்பாதிரிப்புலியூரில் கைலியோடு உட்கார்ந்தபடியே, ஒரே ஒரு கேள்வி கேட்டு அழவைத்துவிட்டார் அபுல் ஹசன். அப்படித்தான் அவர் சொன்னார். முதலில் மீன்காரரிடம் சொன்னார். பிறகு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னார். ஜும்மா முடிந்து வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த ஜமாத் முழுவதற்கும் சொன்னார். மதியச் சோற்றுக்குள் பெட்டி தேம்பித் தேம்பி அழுதிருந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்குள் அது "வுட்டுடுங்க பாய்" என்று கெஞ்சவும் ஆரம்பித்திருந்தது.

கேட்டவர்கள் நம்பினார்களா என்றால், அவர் டெலிபோன் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன நாள் முதலாக அவர்கள் நம்புவதையும் நம்பாமல் இருப்பதையும் விட்டுவிட்டு, கேட்பதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து நம்பமாட்டேன் என்று சொன்னவர் ஒருவர்தான். அவர் அபுல் ஹசனின் மனைவி சலீமா பீவியின் தம்பி ஹாமித். பெட்டியும் அவருடையதுதான்.

ஹாமித் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். முன்பக்கம் ஜெராக்ஸ், பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை. அந்த அறைக்குள், ஏ.சி.க்கு நேர் கீழே, சூடாகிவிடக் கூடாதென்று மாப்பிள்ளை மாதிரி குளிரக்குளிர உட்கார்ந்திருந்தது சர்வர் பெட்டி. வட்டாரத்துக் கடைகளின் வெப்சைட்டுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. சலீமா பீவியின் இறால் ஊறுகாய்க் கடையும் அதில் ஒன்று.

அந்தக் கடைக்குத்தான் கேடு வந்திருந்தது. நோன்பு நெருங்கிவிட்டது. குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் விடியுமுன் சாப்பிடும் சஹருக்குத் தொட்டுக்கொள்ள ஆர்டர் போடும் பருவம். சலீமா பீவி பழைய துறைமுகத்து இறால் அத்தனையையும் வாங்கி ஊறுகாயாக்கிவிட்டார் என்றும், அந்த வாரம் வங்காள விரிகுடாவில் ஒரு இறால்கூட மீதமில்லை என்றும் அபுல் ஹசன் கணக்குச் சொன்னார். அது மிகை. ஆனால் கட்டிலுக்கு அடியிலும், பீரோவிலும், வாஷிங் மெஷினுக்குள்ளேயும் ஜாடி இருந்தது நிஜம். துணியைக் கையால் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் மட்டும் வரவில்லை. போனில் கடையைத் திறந்தால் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது: இந்த இடம் பாதுகாப்பானது இல்லை, திரும்பிப் போ.

"ஊறுகா கெட்டா கூட பரவால்ல, பேரு கெடுதே" என்று சலீமா பீவி கரண்டியைத் தூக்கிக் கேட்டார். "'ஏன் லாத்தா, திருட்டுக் கடையா'ன்னு குவைத்துலேர்ந்து ஒரு புள்ள கேக்குது!"

அபுல் ஹசன் உடனே கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்தார். ரிட்டயர் ஆனவர்கள் சீட்டு ஆடுவார்கள், வாக்கிங் போவார்கள். இவர் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி ஊரிலுள்ள சர்வர்களையெல்லாம் குசலம் விசாரிப்பார். ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்று ஆரம்பிக்கும் வரி. அதை அடித்தால், அந்தப் பக்கத்துச் சர்வர் நம்மோடு பூட்டுப்போட்டுப் பேசத் தயாரா, எந்தப் பூட்டு அதற்குத் தெரியும், தான் யார் என்பதற்கு என்ன அத்தாட்சி, அதாவது சர்டிபிகேட், வைத்திருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

ஹாமிதின் பெட்டியிடம் பழைய பூட்டு தெரியுமா என்று கேட்டார். அதெல்லாம் விட்டாச்சு என்றது. புதுப் பூட்டு? தெரியும் என்றது. யார் நீ? சலீமா ஊறுகாய் என்றது. யார் வீட்டுப் பிள்ளை?

பதில் இல்லை. முதல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

அங்கேதான் அது அழுதது என்பது அபுல் ஹசனின் கட்சி. உடனே ஹாமிதுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஹாமிதே, ஒன் பொட்டிக்கு வாப்பா பேரு தெரியலடா. கேட்டேன், அழுவுது."

"இன்னா மச்சான், காலையிலயே ஆரம்பிச்சிட்டீங்களா? எந்தக் கண்ணால அழுவுது? யூ.எஸ்.பி. ஓட்டையிலயா?"

"சிரிக்காத. ஊருக்குப் புதுசா ஒரு புள்ள வந்தா பேரு சொன்னா போதுமா? யார் வூட்டுப் புள்ளன்னு கேப்பாங்கல்ல? பாட்டனார எல்லாருக்கும் தெரியும். சர்டிபிகேட்டுக்கெல்லாம் மேல கையெழுத்துப் போடற பெரிய கம்பெனிதான் பாட்டனாரு, உலகத்துல இருக்கற எல்லா போனுக்கும் அவரத் தெரியும். நடுவுல வாப்பா பேரச் சொல்லாம வுட்டா, இவன் அவரு பேரன்தான்னு எவன் நம்புவான்? ஒன் பொட்டி தன் பேரச் சொல்லுது, வாப்பா பேர முழுங்குது."

"என் கம்ப்யூட்டர்ல ஜம்முனு தொறக்குது மச்சான். இதோ, லாத்தாவோட ஊறுகா போட்டோ பளபளன்னு தெரியுது."

"ஒன் கம்ப்யூட்டரு அந்த வாப்பாவ வேற எங்கியாவது பாத்து வெச்சிருக்கும். அதான் சலாம் சொல்லி உள்ள வுடுது. போன்ல தொறந்து பாருடா."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சிதம்பரம் தாலுகாவுக்கே கம்ப்யூட்டர் விற்ற ஹாமித், தான் மட்டும் பட்டன் போன்தான் வைத்திருந்தார். ஸ்மார்ட் போன் கண்ணுக்குக் கெடுதல் என்பது அவர் கொள்கை.

"கடையில யாரு இருக்காங்க?" என்றார் அபுல் ஹசன்.

"செந்தமிழ்செல்வன் இருக்காரு. கீரப்பாளையம். பட்டா ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு."

"அவர் போன்ல தொறக்கச் சொல்லு."

ஹாமித் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். பிறகு செந்தமிழ்செல்வனின் குரல்: "பாய், செவப்பா வருதே. திருடன் கிருடன் இருக்கான்னு போட்டிருக்கு."

"அது போன் சரியில்லீங்க" என்றார் ஹாமித்.

"போன மாசம்தான் வாங்கினேன்!"

"கீரப்பாளையத்துல டவர் சரியில்ல. அதுல வளந்த போன் அப்படித்தான் இருக்கும்."

"டேய்" என்று சலீமா பீவி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்தார். "வாஷிங் மெஷினுக்குள்ள ஜாடி இருக்குடா. நோன்பு வந்துடும். அந்தப் பொட்டிய என்னான்னு பாரேன்!"

"லாத்தா, பொட்டி நல்லாத்தான் இருக்குது. மச்சான்தான் கத வுடுறாரு. அழுவுதாம்! எங்க, இன்னொரு தபா அழ வைக்கச் சொல்லுங்க பாப்போம். நான் பொட்டி முன்னாடியே போய் நிக்கறேன்."

கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செந்தமிழ்செல்வனும் பட்டாவை மறந்துவிட்டுப் பின்னாலேயே போயிருக்க வேண்டும். "எங்க, அழுவுதா?" என்று அவர் கேட்டதும் காதில் விழுந்தது.

அபுல் ஹசன் கைலியை இறுக்கிக்கொண்டார். விரலை மூன்று முறை ஊதினார். பிஸ்மில்லா சொல்லி, அந்த ஒரு வரியைத் தட்டி எண்டரை அழுத்தினார்.

யார் வீட்டுப் பிள்ளை?

"மச்சான்" என்றார் ஹாமித். குரல் மாறியிருந்தது.

"என்னடா?"

"மச்சான், தண்ணி வருது."

"எங்க?"

"பொட்டியில! மூஞ்சியில! கண்ணு மாதிரி லைட் எரியுதில்ல, அதுக்குக் கீழ ரெண்டு கோடா வழியுது!"

"அழுவுதுங்க! நெஜமாவே அழுவுதுங்க!" என்று செந்தமிழ்செல்வன் கத்தினார்.

அபுல் ஹசன் ஒரு நொடி தானே ஆடிப்போனார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எதுவும் இப்படி நேரில் நடந்து அவரைப் பயமுறுத்தியதில்லை. ஆனால் விரல் சும்மா இருக்குமா? இன்னொரு முறை எண்டரைத் தட்டினார்.

"ஐயையோ, ஜாஸ்தியா வருது! நிறுத்துங்க மச்சான், கேக்காதீங்க, கேக்காதீங்க!"

"வாப்பா பேரச் சொல்லச் சொல்லுடா, நிறுத்துறேன்!"

"சர்டிபிகேட் குடுத்தவங்க ரெண்டு ஃபைல் அனுப்பினாங்க மச்சான்! ஒண்ணு இதோட சர்டிபிகேட், இன்னொண்ணு இதுக்கு மேல கையெழுத்துப் போட்டவனோடது! ஒண்ணு போதும்னு ரெண்டாவத வுட்டுட்டேன்! எதுக்கு வீணா எடைன்னு நெனச்சிட்டேன்!"

"வாப்பாவயா எடைன்னு வுட்ட?" என்றார் சலீமா பீவி.

ஏ.சி.யின் தண்ணீர்க் குழாயில் அணில் பஞ்சை அடைத்திருந்ததாகவும், அந்தத் தண்ணீர்தான் கீழே பெட்டி மேல் வழிந்ததாகவும் பிற்பாடு ஒரு மெக்கானிக் சொன்னார். அந்த மெக்கானிக்கோடு அபுல் ஹசன் இன்றுவரை பேசுவதில்லை.

ஹாமித் பெட்டியைச் சுவரோரமாக இழுத்தார். செந்தமிழ்செல்வன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தார். பெட்டிக்கு உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஹாமித் அந்த இரண்டாவது ஃபைலைத் தேடி எடுத்து, முதலாவதற்குக் கீழே ஒட்டவைத்து, சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினார்.

"இப்ப கேளுங்க மச்சான். மெதுவா கேளுங்க."

அபுல் ஹசன் மெதுவாகத் தட்டினார். மகன் பேர் வந்தது. வாப்பா பேர் வந்தது. பாட்டனாரை அது சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியுமே. கடைசியில் சோதனை சரி என்று ஒரு வரி. சலீமா பீவி தன் போனில் கடையைத் திறந்தார். சிவப்பு இல்லை. இறால் பளபளவென்று சிரித்தது.

"எனக்கும் தொறக்குதுங்க" என்றார் செந்தமிழ்செல்வன். "ஒரு ஜாடி போட்டுடட்டா?"

முதல் ஆர்டர் கீரப்பாளையத்தில் இருந்து வந்தது. அடுத்தது அந்தக் குவைத்துப் பிள்ளை. திருட்டுக் கடை என்று கேட்டதற்கு மன்னிப்பும் சேர்த்து அனுப்பியிருந்தது. அப்புறம் சிங்கப்பூர், மறுபடி குவைத், மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் மலேசியாவிலிருந்து. போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. சலீமா பீவி வாஷிங் மெஷினைத் திறந்து ஜாடிகளை வெளியே எடுக்க ஆரம்பித்தார்.

எடுத்துக்கொண்டே, இன்னும் துண்டிக்காமல் கிடந்த ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டார். "ஹாமிதே, ஒன் மச்சான் இந்தக் கதைய இனி நான் மவுத்தாகுற வரைக்கும் சொல்லப் போறாரு. கேக்கறவங்க எங்கிட்டத்தான் வந்து நெஜமான்னு கேப்பாங்க. நீதான் நம்பல. நீயே சொல்லு. அது அழுதுச்சா, இல்லியா?"

அந்தப் பக்கம் ஈரத் துண்டைப் பிழியும் சத்தம் கேட்டது. அபுல் ஹசன் ஸ்பீக்கருக்கு மேல் குனிந்திருந்தார்.

"அழுதுச்சு லாத்தா" என்றார் ஹாமித். "நான்தான் தொடச்சு வுட்டேன்."