பட்டாணி கட்டியாகியிருந்தது

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இந்தக் கதையில் பேயும் கிடையாது, திருடனும் கிடையாது. ஒரு பழைய ஃப்ரீசர்தான் இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்ல எனக்கு இன்னும் பயம்தான்.

அவள் ஒரு தையல்காரி. சட்டைகளுக்குக் காலர் வைக்கிற பட்டறையில் வேலை. அவள் புருஷன் ஒரு கிடங்குக்கு இரவுக் காவல். காலையில் அவள் வெளியே போகும்போது அவன் உள்ளே வருவான். சாயங்காலம் அவள் வரும்போது அவன் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பான். "நாம குடும்பம் நடத்தறோமா, ஷிப்டு மாத்தி விடறோமா?" என்று சிரிப்பான். அப்படி வாசலிலேயே பார்த்துக்கொண்ட இரண்டு பேருக்கும் பிள்ளை தரித்து, இப்போது எட்டாம் மாதம்.

இதற்கு முன்னால் ஒன்று வயிற்றிலேயே அசைவு நின்று போயிருந்தது. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

பிரசவமாகிவிட்டால் சில மாதம் அவளுக்குச் சம்பளம் வராது. அந்த மாதங்களை எப்படிக் கடத்துவது என்று யோசித்து யோசித்து, அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைகள் மூடுகிற நேரமாகப் பார்த்துப் போய், விலை குறைந்த காயும் கோழியும் வாங்கி வருவாள். ஞாயிறு முழுக்க அடுப்படியில் நிற்பாள். ஆறவைத்து, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்குவாள். பிள்ளை பிறந்த பிறகு எடுத்துச் சூடு பண்ணினால் போதும். கடைச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம், யாரையும் சமைத்துக் கொடு என்று கேட்கவும் வேண்டாம். அந்த ஃப்ரீசரும் யாரோ வீடு மாறும்போது கழித்துவிட்டதுதான். சின்ன வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம் இருந்தது.

மாடியில் அவனுடைய அக்கா. பேருந்தில் டிக்கெட் கிழிக்கிற வேலை. வாய் கொஞ்சம் நீளம். "பிள்ளை பெறப் போறியா, கல்யாணச் சத்திரம் நடத்தப் போறியாடி?" என்று டப்பாக்களைப் பார்த்துக் கேட்பாள். அந்த மாதம் மின்சாரக் கட்டணம் நன்றாகக் குறைந்திருந்தது. ஞாயிறன்றே எல்லாம் சமைத்துவிட்டு, தினமும் கரண்ட் அடுப்பு போடாததால்தான் என்று தையல்காரி அவளிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், ஒரு கைப்பிடி பட்டாணி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தாள். அந்தப் பட்டாணியைத் தட்டில் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் உறையவைத்துப் பையில் போட்டிருந்தாள். குலுக்கினால் மணி மணியாக உதிரும். இப்போது பை முழுக்க ஒரே கட்டி, செங்கல் மாதிரி.

உருகியிருந்தால்தான் அப்படி ஆகும். உருகி, மறுபடி உறைந்திருக்கிறது.

ஒரு குழம்பு டப்பாவை எடுத்துப் பார்த்தாள். மூடிக்கும் குழம்புக்கும் நடுவில் தண்ணீர் தனியாகப் பிரிந்து பனிக்கட்டியாக நின்றது.

"ஏங்க, பகல்ல கரண்ட் போயிடுச்சா?"

"இல்லையே." அவன் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"பின்ன இது எப்படி உருகிச்சு?"

அவன் நிமிர்ந்து சிரித்தான், கண்ணுகளா. பரிசு வாங்கின பிள்ளை மாதிரிச் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியா? நான்தான் பகல்ல பிளக்கைப் புடுங்கி வைக்கிறேன். காதுகிட்ட லாரி உறுமற மாதிரி உறுமுது, எப்படித் தூங்கறது? நீ வர்றதுக்கு முன்னாடி மாட்டிடுவேன். கதவு மூடித்தானே இருக்கு, குளிரு எங்க போயிடப் போகுது? பில்லு எப்படிக் குறைஞ்சுதுன்னு நினைச்சே?"

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"இன்னைக்கு மதியத்துக்கு நான் அதுலேர்ந்துதாங்க ஒரு டப்பா எடுத்துட்டுப் போனேன். கோழி."

"நல்லா கொதிக்க வச்சியா?"

"பட்டறையில சூடு பண்ற இடத்துல கூட்டம். பசி வேற. பாதிச் சூட்டுலயே சாப்பிட்டுட்டேன்."

அவன் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் வயிற்றில் கை வைத்தாள். மதியத்துக்குப் பிறகு பிள்ளை உதைத்ததா? யோசித்தாள். நினைவு வரவில்லை. தையல் மெஷின் ஓடும்போது உடம்பெல்லாம் அதிரும். அதில் எது மெஷின், எது பிள்ளை? முதல் தடவையும் இப்படித்தான், எப்போது நின்றதென்றே அவளுக்குத் தெரியாமல் போனது.

"அசையலைங்க."

"தூங்குதோ என்னவோ."

"அசையலைங்க!"

அந்தச் சத்தத்தில் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். "காவக்காரனாம் காவக்காரன்! ஊரான் கிடங்கைக் காப்பாத்தப் போயிட்டு, வீட்டுச் சோத்தைக் கெடுத்து வச்சிருக்கே. நிக்காதேடா, வண்டியைக் கூப்பிடு!"

ஆட்டோவில் ஏறியதும் அக்கா, "டிரைவர் தம்பி, பள்ளம் பார்த்து ஓட்டுப்பா, இதுல ரெண்டு உசிரு இருக்கு" என்றாள். ரெண்டு என்று சொல்லும்போது அவள் குரல் பிசிறிற்று. தையல்காரி வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, உள்ளேயிருந்து ஒரு சின்னத் தட்டலாவது வருமா என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அதுதானோ என்று நினைப்பாள். அது வண்டிதான்.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவளை இடது பக்கமாகப் படுக்கவைத்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். அவன்தான் முன்னால் வந்து சொன்னான். பிளக்கைப் பிடுங்கியதை, மாட்டியதை, ஒன்றையும் விடாமல் சொன்னான். நர்ஸ் திட்டவில்லை. வயிற்றில் பசை தடவி, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற கருவியை வைத்தாள். கரகரவென்று சத்தம் வந்தது. இடம் மாற்றி வைத்தாள். மறுபடி கரகரப்பு. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

அப்புறம் வந்தது, கண்ணுகளா. குதிரைக்குட்டி ஓடுகிற மாதிரி, தடதட தடதடவென்று.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இப்போதைக்கு நல்லா இருக்கு," என்றாள் நர்ஸ். "ஆனா அதோட விட்டுட முடியாது. கெட்ட சாப்பாட்டால சிலருக்கு வாரக்கணக்குல கழிச்சுக்கூடக் காய்ச்சல் வரும். அது பிள்ளைக்கு ஆகாது. உடம்பு லேசா சுட்டாலும், அசைவு குறைஞ்சாலும் உடனே ஓடி வரணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்துடாதீங்க."

இரவு அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு, காலையில் அனுப்பினார்கள். அவன் அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரைக் காலி பண்ண ஆரம்பித்தான். அவள் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை நேரம் கால் வீங்க நின்றது! ஒவ்வொரு டப்பாவாக அவன் வெறும் கையால் எடுத்தான். மூடியைத் திறந்து, பனிக்கட்டியை உடைத்து, குப்பைப் பையில் தட்டினான். "இந்தப் பருப்பை மட்டுமாவது வச்சுக்கலாமே" என்று அவள் சொல்லப் போனாள். அப்படிக் கேட்கத் தோன்றியதே அவளுக்குப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கடைசி டப்பாவும் போன பிறகு அவன் வந்து அவள் நெற்றியில் கை வைத்தான். உடனே எடுத்தான்.

"சுடுதும்மா."

"உங்க கை ஐஸ் மாதிரி இருக்குங்க."

அவன் தன் கையைப் பார்த்தான். விரலெல்லாம் சிவந்து மரத்திருந்தது. அந்தக் கையை வைத்துக் காய்ச்சலா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியாது. தொட்டுப் பார்த்துச் சொல்ல அக்காவும் இல்லை, பேருந்து வேலைக்குப் போயிருந்தாள்.

இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி, கை சூடேறுவதற்காகக் கட்டிலின் ஓரத்தில் காத்திருந்தான்.